குழாய் திடீரென அகலமாகும் இடத்தில் தண்ணீர் என்ன செய்கிறது, அதைக் கணக்குப் போடுவது எப்படி?

இரண்டு அங்குலக் குழாயில் ஓடிவரும் தண்ணீர் திடீரென நான்கு அங்குலக் குழாய்க்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். நுழைந்த பிறகு அழுத்தம் கூடுமா, குறையுமா? யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் "குறையும், இடம் பெரிதாகிவிட்டதே" என்றுதான் பதில் வரும். உண்மையில் அழுத்தம் கூடுகிறது. ஆனால் தண்ணீரிடம் இருக்கும் மொத்த ஆற்றல் குறைகிறது. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் நடப்பதால்தான் பாலிடெக்னிக் மாணவர் முதல் மோட்டார் மெக்கானிக் வரை பலரும் இங்கே குழம்புகிறார்கள். எவ்வளவு கூடும், எவ்வளவு வீணாகும், வீணாவதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதையெல்லாம் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். வேலையை இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதலில் பார்ப்பது, அப்புறம் கணக்கு.

கணக்குக்கு முன்னால் கண்ணால் பாருங்கள்

வயல் பக்கம் போக முடிந்தால், சிமென்ட் மடை முடிந்து மண் வாய்க்கால் அகலமாகத் தொடங்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மடையிலிருந்து வெளியே வரும் தண்ணீர் உடனே இரண்டு கரைக்கும் பரவுவதில்லை. நடுவில் ஒரு பட்டை மாதிரி நேராகப் பாய்ந்து போகிறது. இரண்டு பக்கமும் மூலைகளில் நுரையும் சருகும் வைக்கோல் துணுக்கும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு வேப்பிலையை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள்: நடுப்பட்டையின் ஓரத்தை ஒட்டி முன்னால் போகும், கொஞ்ச தூரத்தில் கரைப்பக்கம் ஒதுங்கும், பிறகு கரையை ஒட்டியபடியே பின்னோக்கி, தண்ணீர் போகும் திசைக்கு எதிராக, மூலைக்கே திரும்பி வரும். அங்கே நடுப்பட்டை அதை மறுபடி பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்றையும் கவனியுங்கள். கரை அதிகமாக அரித்திருப்பது மூலையிலேயே இருக்காது, அதற்குச் சற்றுத் தள்ளி, அந்தப் பட்டை விரிந்து கரையைத் தொடும் இடத்தை ஒட்டி இருக்கும். இந்த இரண்டாவது விஷயம் கடைசியில் நமக்குத் தேவைப்படும்.

மூடிய குழாயில் நடப்பதும் இதேதான், மூலைக்குப் பதிலாக வளையம், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் இரண்டு அளவில் வாங்கி, சின்னதைப் பெரியதன் வாயில் ஒரு ரப்பர் அடைப்பானை வைத்து நடுவாக இறுக்கிவிட்டு, அடைப்பானும் சின்ன டியூபின் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பெரிய டியூபைப் படுக்கையாக வைத்து, அதன் மறுமுனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் முழுக்க நிறைந்து ஓடும். தண்ணீரோடு வரும் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகளில் சில அடைப்பானை ஒட்டிய மூலையில் மாட்டிக்கொண்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஊசி போட்டுப் பேனா மை விட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் சாய நீரை விட்டுப் பார்த்த பிரபலமான சோதனையும் இந்த வகைதான், அவர் தேடிய கேள்விதான் வேறு.

ஏன் உடனே பரவுவதில்லை?

குழாயின் சுவரை ஒட்டி ஓடும் தண்ணீர் எப்போதும் மெதுவாகவே ஓடும், உராய்வு அதன் வேகத்தைத் தின்றிருக்கும். அகலமான பகுதியில் வேகம் குறைந்து அழுத்தம் கூடுகிறது என்று சொன்னேன் அல்லவா, அப்படியானால் அந்த ஓரத்துத் தண்ணீர் குறைந்த அழுத்தத்திலிருந்து கூடுதல் அழுத்தத்தை நோக்கி ஏற வேண்டியிருக்கிறது. நடுவில் வேகமாக வருவது சமாளித்துவிடும். ஓரத்தில் வருவதற்கு அந்தத் தெம்பு இல்லை, அது நின்று, திரும்பி, சுழலாகிவிடுகிறது. அதுவும் குழாய் செங்குத்தாக அகலமாகும் 90 டிகிரிப் படி என்றால் திரும்பிப் பார்க்கும் வாய்ப்பே இல்லை, சுவரை விட்டுப் பிரிந்துதான் ஆக வேண்டும்.

நடுவில் பாயும் தாரைக்கும் ஓரத்துச் சுழலுக்கும் இடையே ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் எதிர்த்திசை. அந்த அடுக்கு உடைந்து சின்னச் சின்னச் சுழல்களாகச் சிதறும், பெரிய சுழல் சிறிய சுழலுக்கு ஆற்றலைக் கொடுக்கும், சிறியது அதைவிடச் சிறியதற்குக் கொடுக்கும், கடைசியில் பாகுத்தன்மை, அதாவது தண்ணீருக்குள்ளேயே இருக்கும் உராய்வு, அத்தனையையும் வெப்பமாக்கிவிடும். ஆற்றல் இழப்பு என்று நாம் சொல்வது இந்த வெப்பத்தைத்தான். தெர்மாமீட்டரில் பிடிபடும் அளவுக்கு வெப்பம் ஏறாது, ஆனால் மோட்டார் கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதி இப்படித்தான் திரும்பி வராத இடத்துக்குப் போகிறது.

ஆகவே இழப்பு நடக்கும் இடம் அந்தப் படியிலேயே இல்லை, படிக்குப் பிறகு வரும் நீளத்தில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

இப்போது கணக்கு

முதலில் உள்விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் முதல் கோட்டை விடுவது நடக்கும்: விவசாயத்துக்கு வாங்கும் பிவிசி குழாயில் 63, 75, 90, 110 என்று போட்டிருப்பது வெளிவிட்டம். சுவரின் தடிமனை இரண்டு பக்கமும் கழித்தால்தான் உள்விட்டம் கிடைக்கும், அதுவும் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் குழாய் என்பதைப் பொறுத்து மாறும். வெர்னியர் இருந்தால் நேரடியாக அளந்துவிடுவதே நல்லது. கணக்கு எளிதாக வரட்டும் என்பதற்காக நான் 50 மி.மீ. உள்விட்டத்திலிருந்து 100 மி.மீ. உள்விட்டத்துக்குப் போவதாக எடுத்துக்கொள்கிறேன், தண்ணீர் வினாடிக்கு 6 லிட்டர்.

ஓட்டத்தைப் பரப்பால் வகுத்தால் வேகம். 50 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு 0.00196 சதுர மீட்டர், 0.006 கன மீட்டரை அதனால் வகுத்தால் வேகம் வினாடிக்கு 3.06 மீட்டர். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, அதனால் 100 மி.மீ. குழாயில் வேகம் நான்கில் ஒன்று, அதாவது 0.76 மீட்டர். முதல் வேகத்தை வே1 என்றும் இரண்டாவதை வே2 என்றும் வைத்துக்கொள்வோம்.

ஆற்றலை, அது தண்ணீரை எத்தனை மீட்டர் உயரம் தூக்கும் என்ற கணக்கில் சொல்வதுதான் ஹெட். ஹெட் இழப்புக்கு ஒரே வரிதான் சூத்திரம்:

இழப்பு = (வே1 − வே2)² ÷ (2 × 9.81)

போட்டுப் பாருங்கள். 3.06 கழித்தல் 0.76, வித்தியாசம் சுமார் 2.29. அதன் வர்க்கம் 5.25. அதை 19.62 ஆல் வகுத்தால் 0.27 மீட்டர். ஒரு சாண் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீரைத் தூக்கும் ஆற்றல் அந்த இடத்தில் போய்விட்டது.

அழுத்தம் எவ்வளவு கூடியது என்பதற்கு இன்னொரு வரி:

அழுத்த உயர்வு = அடர்த்தி × வே2 × (வே1 − வே2)

1000 × 0.764 × 2.292, கிட்டத்தட்ட 1750 பாஸ்கல். ஹெட்டாக மாற்றினால் 0.18 மீட்டர். இப்போது வரவு செலவு சரிபார்த்துவிடலாம். சின்னக் குழாயில் தண்ணீரின் வேக ஹெட் 0.476 மீட்டர் (வே1 வர்க்கத்தை 19.62 ஆல் வகுத்தது). அதில் 0.03 பெரிய குழாயிலும் வேகமாகவே தொடர்கிறது, 0.18 அழுத்தமாக மாறியது, மிச்சம் 0.27 சுழலில் போனது. இழப்பே இல்லாமல் போயிருந்தால் 0.45 மீட்டர் அழுத்தமாகக் கிடைத்திருக்க வேண்டும், நமக்குக் கிடைத்தது அதில் 40 சதவீதம்தான். இழப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளும் பெர்னூலி சமன்பாட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவருக்கு பிரஷர் கேஜ் ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

இந்தச் சூத்திரத்துக்கு போர்டா-கார்னோ என்று பெயர். ழான் ஷார்ல் தெ போர்டா (1733–1799) பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றிய கணித வல்லுநர். லசார் கார்னோ (1753–1823) வெப்ப எந்திரத்துக்குப் பேர்போன சாதி கார்னோவின் அப்பா. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சுழலுக்குள் நடக்கும் அத்தனை குழப்பத்தையும் தொடாமலேயே விடை வந்துவிடுவதுதான். ஒரே ஒரு ஊகம் போதும்: படியின் வளையச் சுவரில் அழுத்தம், சின்னக் குழாயின் வாயில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். மூலையில் தண்ணீர் மெதுவாகத்தான் சுழல்கிறது, தாரையின் ஓரத்தை ஒட்டியும் இருக்கிறது, அதனால் அழுத்தம் பெரிதாக மாற வழியில்லை, ஊகம் நியாயமானதுதான். அப்புறம் உந்தச் சமன்பாடு (உந்தம் என்பது நிறையை வேகத்தால் பெருக்கியது): படியிலும் சின்னக் குழாயின் வாயிலும் சேர்த்துப் பின்னாலிருந்து தள்ளும் விசை, முன்னாலிருந்து எதிர்க்கும் விசை, இரண்டின் வித்தியாசம் உந்தம் மாறும் வீதத்துக்குச் சமம். அதிலிருந்து அழுத்த உயர்வு நேராக வந்து விழும். அதை ஆற்றல் சமன்பாட்டில் போட்டால் இழப்பு. பரீட்சைக்குப் படிப்பவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்குப் பதில் இந்த மூன்று வரியை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பெர்னூலியை இங்கே ஏன் நேரடியாகப் போடக்கூடாது, உந்தத்தை ஏன் போடலாம் என்பதும் அப்போதே புரிந்துவிடும்: உராய்வு ஆற்றலை அழிக்கும், உந்தத்தைக் கணக்கில் வராமல் மறைத்துவிட அதனால் முடியாது.

சில இடங்களில் கவனம்

இழப்புக் கெழு என்று அட்டவணைகளில் ஒரு எண் கொடுத்திருப்பார்கள், அதை வேக ஹெட்டால் பெருக்கினால் இழப்பு. அது எந்த வேகத்தை வைத்துக் கொடுக்கப்பட்டது என்று பார்க்காமல் எடுத்துப் போடாதீர்கள். நம் உதாரணத்துக்கு, சின்னக் குழாயின் வேகத்தை வைத்தால் கெழு (1 − ¼)², அதாவது 0.5625. பெரிய குழாயின் வேகத்தை வைத்தால் (4 − 1)², அதாவது 9. இரண்டும் சரி, இரண்டிலும் இழப்பு அதே 0.27 மீட்டர்தான் வரும். 9ஐ எடுத்து வே1 வர்க்கத்தோடு பெருக்கினால் விடை நாலு மீட்டருக்கு மேல் போய் நிற்கும்.

குழாய் நேராகத் தொட்டிக்குள் போய் முடிந்தால் வே2 பூஜ்யம், கெழு 1. வேக ஹெட் முழுவதும் போய்விடும். தொட்டிக்குள் நுழையும் குழாயின் விளிம்பை வழவழப்பாக வளைத்துவிட்டால் இழப்பு குறையும் என்று நினைத்துச் சிலர் மெனக்கெடுகிறார்கள். உபயோகமில்லை, தாரை எப்படியும் தொட்டிக்குள் சுழன்று அடங்கத்தான் போகிறது. அதே வளைவைத் தொட்டியிலிருந்து வெளியே போகும் குழாயின் வாயில் செய்தால் நல்ல பலன் உண்டு, கூர்மையான வாயில் 0.5 ஆக இருக்கும் கெழு, நன்றாக வளைத்த வாயில் 0.05 வரை இறங்கும்.

பிரஷர் கேஜை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். படியை ஒட்டி வைத்தால் சின்னக் குழாயின் அழுத்தத்தைத்தான் அது காட்டும், உயர்வு தெரியவே தெரியாது. தாரை விரிந்து சுவரைத் தொடும் தூரம், சாதாரணமாக நாம் காணும் கொந்தளிப்பான ஓட்டத்தில், படியின் உயரத்தைப்போல் சுமார் 8 முதல் 10 மடங்கு. படியின் உயரம் என்றால் இரண்டு விட்டங்களின் வித்தியாசத்தில் பாதி, இங்கே 25 மி.மீ., ஆகவே 200 முதல் 250 மி.மீ. அழுத்தம் உச்சத்தைத் தொடுவது அதையும் கொஞ்சம் தாண்டித்தான். அரை மீட்டருக்கு மேல் தள்ளி வைத்தால் நம்பலாம். ஃப்ளோ மீட்டர் என்றால் இன்னும் தள்ளி, வேகப் பரவல் பழைய நிலைக்கு வர பெரிய குழாயின் விட்டத்தைப்போல் 10 மடங்காவது நேர்க்குழாய் விடுங்கள்.

தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஸ்விங் வகை செக் வால்வை, இரண்டு அளவுக் குழாய்களை இணைக்கும் ரெடியூசருக்கு ஒட்டினாற்போல் மாட்டுவதும் பல இடங்களில் பார்க்கிறேன். வால்வை அகலமான பக்கம் வைப்பது சரிதான், வேகம் குறைவு, இழப்பு குறைவு. ஆனால் சுழல் பகுதிக்குள்ளேயே வைத்தால் அதன் கதவு நிலையாக நிற்காமல் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், கீல் தேயும். நான்கைந்து விட்டம் இடைவெளி கொடுத்தால் போதும்.

இவ்வளவும் கொந்தளிப்பான ஓட்டத்துக்கு. ஓட்டம் கொந்தளிக்குமா, சீராகப் போகுமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் நம் சின்னக் குழாயில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது, அதனால் பிரச்சினை இல்லை. கெட்டியான எண்ணெய் மெதுவாக ஓடும் குழாயில் ஓட்டம் வரிச்சீராக, அதாவது கலங்காமல் அடுக்கடுக்காக, இருக்கும், அங்கே இந்தச் சூத்திரத்தை அப்படியே போடக்கூடாது. வரிச்சீர் ஓட்டத்தில் நடுவேகம் சராசரியைப்போல் இரண்டு மடங்கு, அதனால் தொட்டிக்குள் போய் விழும்போது ஒரு வேக ஹெட்டுக்குப் பதில் இரண்டு வேக ஹெட் போகும். சுவரைத் தொடும் தூரமும் நிலையாக இருக்காது, ரெனால்ட்ஸ் எண் கூடக்கூட நீண்டுகொண்டே போகும்.

இழப்பைக் குறைக்க வேண்டுமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இந்த 0.27 மீட்டருக்குப் பயந்து யாரும் சின்னக் குழாயையே கடைசிவரை இழுத்துவிடக்கூடாது. அதே 6 லிட்டரை வழவழப்பான 50 மி.மீ. குழாயில் 100 மீட்டர் தூரம் கொண்டுபோனால் உராய்வில் மட்டும் சுமார் 15 மீட்டர் ஹெட் போகும். 100 மி.மீ. குழாயில் அதே தூரத்துக்கு அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பம்பின் வாய் சின்னதாக இருக்கிறது என்பதற்காக டெலிவரி லைனையும் சின்னதாகவே போட்டுவிட்டு, தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் சரியில்லை என்று குறைபட்டுக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. கரண்டும் போகிறது, தண்ணீரும் வரவில்லை. வாயை விட்டு வெளியே வந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அகலப்படுத்துங்கள்.

அப்படி அகலப்படுத்தும்போது ஒரே தாவலாகப் போகாமல் நடுவில் ஒரு அளவைச் சேர்த்துப் பாருங்கள். 50லிருந்து 75, அப்புறம் 100. முதல் படியில் இழப்பு 0.147 மீட்டர், இரண்டாவதில் 0.018, மொத்தம் 0.165. நேராகப் போனதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிட்டது. ஏனென்றால் இழப்பு வேக வித்தியாசத்தின் வர்க்கத்தில் இருக்கிறது, வித்தியாசத்தை இரண்டாகப் பிரித்தால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை சிறுத்துவிடும். சரிபாதியாகப் பிரித்தால்தான் அதிகபட்ச லாபம்: நடு வேகம் இரண்டுக்கும் சராசரியாக, 1.91 மீட்டராக இருக்க வேண்டும், அதற்கு 63 மி.மீ. உள்விட்டம். அப்போது இழப்பு சரியாகப் பாதியாகும். பலர் நடு விட்டத்தை எடுப்பார்கள், எடுக்க வேண்டியது நடு வேகத்தை. இரண்டு படிகளுக்கும் இடையே தாரை சுவரைத் தொடும் அளவுக்கு இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே படிபோல நடந்துகொள்ளும்.

இதைவிட நல்லது சரிவாக விரியும் கூம்பு. கூம்பின் முழுக்கோணம் 6 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் இழப்பு மிகக் குறைவு, திடீர் விரிவில் போவதில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அதற்கும் குறுகலாகப் போனால் கூம்பு ரொம்ப நீளமாகி உராய்வு கூடிவிடும். சிக்கல் என்னவென்றால் 7 டிகிரியில் 50லிருந்து 100க்குப் போக 40 செ.மீ. நீளம் வேண்டும், கடையில் கிடைக்கும் இரும்பு ரெடியூசரின் நீளம் 10 செ.மீ. அளவுதான். அதன் கோணம் 27 டிகிரியைத் தாண்டுகிறது. திடீர் படியைவிட மேல், ஆனால் பெயருக்குத்தான் கூம்பு. இன்னும் ஒரு விசித்திரம், கோணம் 60 டிகிரியை நெருங்கும்போது இழப்பு 90 டிகிரிப் படியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஆகவே பட்டறையில் தகடு வளைத்துக் குட்டையான ஒரு கூம்பு செய்து மாட்டுவதைவிட, நேரான படியை வைத்துவிட்டுப் போவதே மேல். செய்தால் நீளமாகச் செய்யுங்கள்.

இடம் இல்லை, கூம்புக்கும் வழியில்லை, ஒரே படியில் முடிந்த அளவு அழுத்தத்தை மீட்க வேண்டும் என்றால், பெரிய குழாயின் பரப்பு சின்னதைப்போல் இரண்டு மடங்காக இருக்கட்டும், அதாவது விட்டம் 1.41 மடங்கு. அங்கே வேக ஹெட்டில் பாதி அழுத்தமாகத் திரும்பி வரும். அதைத் தாண்டினால் மறுபடி குறையத் தொடங்கும்.

குறுகும் இடத்திலும் இதே கதைதான்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். குழாய் பெரியதிலிருந்து சின்னதாகும்போதும் இழப்பு இருக்கிறது, ஆனால் அது குறுகுவதால் வருவதில்லை. அழுத்தம் குறையும் திசையில் தண்ணீர் விரும்பி ஓடும், குவிவது அதற்குச் சிரமமே இல்லை. கூர்மையான வாய்க்குள் நுழையும்போது ஓரத்திலிருந்து சாய்வாக வரும் தண்ணீரால் சட்டென்று திரும்ப முடியாமல், தாரை சின்னக் குழாயைவிடவும் ஒடுங்கிவிடுகிறது, பரப்பில் சுமார் 60 சதவீதத்துக்கு. அந்த ஒடுங்கிய தாரை மறுபடி விரிந்து குழாயை நிறைக்க வேண்டும். இழப்பில் பெரும்பகுதி அந்த விரிவில்தான்.

இப்படிப் பார்த்தால் பாதி மூடிய கேட் வால்வு, ஆரிபிஸ் தகடு (குழாயின் குறுக்கே வைக்கும், நடுவில் துளையுள்ள தகடு), கூர்மையாகத் திரும்பும் எல்போ, சரியாக வெட்டாமல் பிசிறோடு ஒட்டிய ஜாயின்ட், எல்லாவற்றிலும் உள்ளே ஒரு திடீர் விரிவு ஒளிந்திருக்கிறது. பாதி மூடிய வால்வில் வரும் 'உஸ்' சத்தம் வால்வின் வாயில் பிறந்ததாகத் தோன்றும், அதைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் குழாயில் காதை வைத்துப் பாருங்கள். இதய வால்வு சுருங்கியவரின் மார்பில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்புக்கும் காரணம் சுருக்கத்தைத் தாண்டிய பிறகு ரத்தம் விரிந்து கலங்குவதுதான்.

இழப்பே வேண்டும் என்கிற இடங்களும் உண்டு. கனடாவில் கொலம்பியா ஆற்றின் மேல் 1973இல் கட்டி முடிக்கப்பட்ட மைக்கா அணையில், உயரத்திலிருந்து சுரங்கப்பாதை வழியே பாயும் நீரின் வேகத்தைக் கொல்ல, சுரங்கத்துக்குள்ளேயே திடீர் விரிவு அறையை அமைத்தார்கள். அங்கே அழுத்தம் இறங்கி ஆவிக்குமிழிகள் தோன்றினாலும், அவை சுவரிலிருந்து தள்ளி, தாரைக்கும் சுழலுக்கும் இடைப்பட்ட அடுக்கில், தண்ணீருக்குள்ளேயே வெடித்து அடங்கும்படி அமைக்கலாம் என்பது இந்த முறையின் அருமை. குமிழி சுவரை ஒட்டி வெடித்தால் கான்கிரீட்டும் இரும்பும் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்துவிடும்.

குழாயின் ஆயுளுக்காக ஒரு சோதனை

வாய்க்கால் கரை அரித்த இடத்தைப் பார்க்கச் சொன்னேன். தாரை சுவரை வந்து தொடும் பகுதியில் தண்ணீர் சுவரை மாறி மாறி அடித்துத் துடைத்துக்கொண்டே இருக்கும், வெப்பமும் கரைபொருளும் சுவருக்கும் தண்ணீருக்கும் இடையே மிக வேகமாகக் கடக்கும் இடமும் அதை ஒட்டித்தான். கார்பன் எஃகுக் குழாயில் சூடான தண்ணீர் ஓடினால், துருவைத் தடுக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் அங்கே நிற்காமல் கரைந்துகொண்டே போகும், வெளியே பார்த்தால் குழாய் புதிதுபோல இருக்கும்.

2004 ஆகஸ்ட் 9 அன்று ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தின் மூன்றாவது அலகில் நடந்தது இதுதான். கதிரியக்கம் இல்லாத, டர்பைன் பக்கத்துக் குழாய். ஓட்டத்தை அளக்க வைத்திருந்த ஆரிபிஸைத் தாண்டியதும் 10 மி.மீ. தடிமனாக இருந்த சுவர் மிக மெல்லியதாகத் தேய்ந்து, ஒருநாள் வெடித்தது. பீறிட்ட சூடான நீரிலும் ஆவியிலும் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். 1976இலிருந்து ஓடிக்கொண்டிருந்த அலகு அது, அந்த இடம் சோதனைப் பட்டியலிலேயே இடம்பெறாமல் விட்டுப்போயிருந்தது. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது, எங்கே அளக்க வேண்டும் என்பதை ஓட்டத்தின் இயல்பே காட்டிக் கொடுக்கிறது, அங்கே யாரும் கருவியை வைக்கவில்லை.

பாய்லர், சர்க்கரை ஆலை, ரசாயன ஆலை எங்கே வேலை பார்த்தாலும் உங்கள் லைனில் இருக்கும் ஆரிபிஸ், கட்டுப்பாட்டு வால்வு, அகலமாகும் ரெடியூசர் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு, படியின் உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்து, படியிலிருந்து அந்தத் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு வரைக்கும் சாக்பீஸால் கோடு போட்டு, அல்ட்ராசோனிக் தடிமன் மானியால் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். ஆரிபிஸ் என்றால் படி உயரத்தைக் குழாய்க்கும் துளைக்கும் இடையே எடுக்க வேண்டும், தாரை துளையையும்விட ஒடுங்கும் என்பதால் தூரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள். அடுத்த ஷட்டவுனில் அதே கோடுகளில், அதே எட்டு இடங்களில் மறுபடி அளந்து, முதல் அளவோடு கழித்துப் பாருங்கள்.